எட்டு மாத அர்ச்சனை

மயிலாப்பூரில் காலை ஏழு மணிக்குக் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெல்போர்ன் வங்கியைக் கூப்பிட்டால், அந்தப் பக்கம் இருப்பவள் மதிய வணக்கம் சொல்கிறாள். பதினொரு வருடம் அங்கே வாழ்ந்த பிறகும் ஒரு நொடி தடுமாறிவிட்டுத்தான் எனக்குப் பதில் வருகிறது. அன்றைக்குத் தடுமாற நேரமில்லை. மூன்று வார விடுப்பில் அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்திருந்தேன். பெயரே விளங்காத ஒரு கம்பெனி, மாதம் பதினெட்டு டாலர் வீதம் எட்டு மாதமாக எடுத்திருந்தது.

இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. அங்கே போன புதிதில், நான் விலகிய பிறகும் ஒரு ஜிம் சந்தா பிடித்தது. நாலு போன், இரண்டு கடிதம், காசு திரும்பி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே எதிலும் சேர ஒரு பட்டனைத் தட்டினால் போதும், வெளியே வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மயிலாப்பூரில் வார இதழை நிறுத்த அம்மா பால்கனியிலிருந்து பேப்பர்காரரைப் பார்த்துக் கையசைப்பாள். "இன்னாம்மா, கரெக்டாத்தானே போட்டுக்கினு கீறேன்?" என்று அவர் கீழேயிருந்து ஒரு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

வங்கிப் பெண்ணின் பெயர் லிசா. அவள் கம்பெனியின் இணையதளப் பெயரைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆபீஸ் கழிவறையில் நின்று அழுதுவிட்டு, போனில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு தளத்தில் அவள் பெயருக்கு அர்ச்சனைக்குப் பணம் கட்டினேன். ஒரு தடவைக்கு என்றுதான் நினைத்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததை அந்த நிலையில் யார் படித்தது?

"அவர்கள் என்ன சேவை தருகிறார்கள்?" என்றாள் லிசா.

"கோவிலில் கடவுள் முன்னால் என் அம்மாவின் பெயரைச் சொல்வார்கள்."

"அம்மா அங்கே உறுப்பினரா?"

"இல்லை. பெயரை மட்டும் சொல்வார்கள்."

"சரி, அந்தச் சேவை கிடைத்ததா? இல்லையென்றால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம்."

போனை மியூட்டில் போட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினேன். "ஏம்மா, கோவில் பிரசாதம்னு உனக்கு ஏதாவது கவர் வந்துதா?"

"மாசாமாசம் வந்துண்டுதானே இருக்கு. போன்ல சொல்லிண்டே இருக்கேனேடி!"

சொல்லியிருப்பாள். நான் டிராமில் உட்கார்ந்து ம் கொட்டியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்வாமி அலமாரியிலிருந்து எட்டுக் கவர்களை எடுத்துவந்தாள். குங்குமம் தீர்ந்திருந்தது, உள்ளே இருந்த சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அம்மா பெயரும், பணம் கட்டியவள் என்று என் பெயரும். கமலா, மயிலாப்பூர். வித்யா, மெல்போர்ன். கீழே இருவருக்கும் சேர்த்து பாரத்வாஜ கோத்திரம்.

படிவத்தில் கோத்திரத்துக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அவசரத்தில் அம்மாவுடையதை நிரப்பியிருக்கிறேன். கல்யாணம் ஆன அன்றே எனக்குக் கணவர் வீட்டுக் கோத்திரம் வந்தாயிற்று, பிறந்த வீட்டுக் கோத்திரத்தைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. அம்மாவுக்கு இது தெரியாததல்ல. என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிசகியதற்காக அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவள் அவள்.

"கோத்திரம் தப்பாயிருக்கேம்மா. சொல்லியிருக்கப்படாதோ?"

"முதல் கவர்லயே பார்த்துட்டேன்." ஒரு சீட்டின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். "சொன்னா நீ உடனே திருத்திடுவே. இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஒரு வாய் காபி குடித்துவிட்டு மியூட்டை எடுத்தேன். சேவை கிடைத்தது, பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம், மாதாமாதம் தொடரட்டும் என்றேன். லிசா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். பிறகு, அந்தக் கம்பெனியிடம் இருக்கும் என் விவரங்கள் சரியா, இல்லையென்றால் அவர்களிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாமே என்றாள்.

அம்மா சீட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.