மாமியும் ஸ்கேனரும் பேசாத வேனும்

வேனோடு பேசுவதற்கு நான் ஒரு கருவி வாங்கினேன். மாமியோடு பேசுவதற்கான கருவி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் கல்முனைக்குப் போனேன். ராஜ மரியாதைதான்: முதல் சோறு, பெரிய மீன்துண்டு, ஃபேனுக்கு நேரே கதிரை. ஆனால் மனைவியின் தாயான மாமி என் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார். அதுவும் மரியாதைதானாம். சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். மனைவி என் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொல்வாள். எட்டடி தள்ளிக்கூட இருக்க மாட்டேன். இருந்தும் இரண்டாம் முறைதான் காது கேட்டதுபோல் தலையாட்டுவேன்.

நான் வாங்கிய ஸ்கேனர் அப்படியல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் வேன் தன் நோயை ஒரு 'கோட்' இலக்கமாகக் கைப்பேசியில் சொல்லிவிடும். அது வந்த நாளிலிருந்து, வேலை செய்யும் கந்தோரில் நான் வாகன நிபுணன். கருவியும் வண்டியும் ஒரே ஒழுங்கில் பேச வேண்டும், அதற்குப் பெயர் புரோட்டோகோல் என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். பழைய வண்டிகள் ஒற்றைக் கம்பியில் ஆறுதலாகப் பேசும். புதியவை 'கேன்' என்ற முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் படபடவென்று பேசும். வண்டிக்குள் ஒரு பாகம் பேசும்போது மற்றவை காத்திருக்கும். என்ன ஒழுக்கம் பாருங்கள் என்பேன். கேட்டவர்கள் தேத்தண்ணியைச் சீக்கிரம் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. எங்கள் கல்யாணத்தின்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. பயத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். ஒருவழியாகச் சம்மதித்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் திகதியும் கிடைத்தது. அன்றைக்குப் போகாவிட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மறுபடி சம்மதிப்பாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலையில் சுபஹ் தொழுதுவிட்டு மாமி வெளிக்கிட்டு நின்றார். வேன் இருமியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை.

வீடே பதறியது. நான் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்கேனரைச் செருகினேன். 'வாகனத்துடன் தொடர்பு இல்லை' என்றது.

"புரோட்டோகோல் பொருந்தல்ல. இது ஜப்பானுக்குள்ள ஓட எண்டு செஞ்ச வேன்" என்று தீர்ப்புச் சொன்னேன். போன கிழமை வரை இதே கருவி இதே வேனோடு குசாலாகக் கதைத்தது என்ற சின்ன விஷயம் நிபுணனுக்கு நினைவு வரவில்லை. செயலியில் இருந்த புரோட்டோகோல்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினேன்.

குசினி ஜன்னலுக்கு நேரேதான் வேனை நிறுத்துவோம். ஜன்னலுக்கு உள்ளே மாமியின் குரல் கேட்டது. "புள்ள, ராவெல்லாம் வேன்ட முன்பக்கத்துக்குள்ள எலி கறண்டுற சத்தம் கேட்டிச்சி. மருமகன்ட சொல்லு."

மனைவி வந்தாள். "இஞ்சாருங்க, உம்மாக்கு எலிச் சத்தம் கேட்டதாம்."

"எலிக்கு இதுல கோட் இல்ல எண்டு சொல்லு."

அவள் உள்ளே போய், "பாத்திட்டிருக்கார் உம்மா" என்று சொன்னாள். என் மானத்தையும் மாமியின் மனதையும் ஒரே பொய்யில் காப்பாற்றினாள். எந்தக் கம்பியாலும் முடியாத வேலை அது.

மறுபடி எலிச் செய்தி வந்தது. மறுபடி நான் புரோட்டோகோலை மாற்றினேன். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது.

அப்போது குசினிக் கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைத் தடவிப் பிடித்தபடி மாமி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"மகன், அந்தச் சாமானக் கழட்டி வெச்சிட்டு மூடியத் தூக்கிப் பாருங்க. உள்ளுக்க எலி இரிக்கி. எனக்குக் கண்தான் தெரியாது, காது நல்லாக் கேக்கும்."

மனைவி வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டாள்.

பொனட்டைத் தூக்கினேன். பற்றரிக்குப் பக்கத்தில் அழகான எலிக்கூடு. மெத்தைக்குப் பயன்பட்டிருந்தது ஸ்கேனரோடு வந்த விளக்கத் தாள்; நான்தான் படிக்காமல் வேனுக்குள் போட்டிருந்தேன். எலியாவது அதைப் பிரயோசனப்படுத்தியது. கூட்டுக்குக் கீழே முறுக்கிய கம்பிகளில் ஒன்று அறுந்து கிடந்தது. சீவி, சேர்த்து, டேப் சுற்றினேன். வேன் உடனே ஸ்டார்ட் ஆனது. 'தொடர்பு கிடைத்தது' என்று கைப்பேசி பெருமையாக அறிவித்தது.

மட்டக்களப்பு வழியில் பாண்டிருப்பைத் தாண்டினோம். இன்னொரு தடவை "மகன்" என்று வருமா என்று காது கொடுத்தபடியே ஓட்டினேன். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "புள்ள, மருமகன்ட சொல்லு, ஆறுதலா ஓடட்டாம்." மறுபடி மருமகனாகிவிட்டது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கண்கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று நான் ஃபேனுக்கு நேரே என் கதிரையில் இருந்தேன். மாமி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"புள்ள" என்றார், என்னிலிருந்து கண்ணை எடுக்காமல். "மருமகன்ட தல இவ்வளவு நரச்சிப் போச்சா? நான் அவர மாப்பிளக் கோலத்திலயும் சரியாப் பாக்கல்லயே."

நேரே பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் முறை முறைதானே, மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"மாமிட்ட சொல்லு, இது வயசால நரச்சதில்ல, அந்த எலியால நரச்சது எண்டு."

மனைவி வாயைத் திறப்பதற்குள் மாமி சிரித்துவிட்டார்.