அக்காவின் பாதாம் ஓடு

என் அக்கா ஒரு பேக்கரியில் முப்பத்தோரு வருடம் 'ஆப்பிள் பை' என்கிற பழப் பலகாரம் செய்தவள். அடியில் வரும் ஓட்டுக்குப் பாதாமை ஒன்றிரண்டாக இடித்து, வெண்ணெயில் பிசைந்து தட்டுவாள். கடித்தால் நறுக்கென்று உடையும். அதற்காகவே கடையில் கூட்டம் நிற்கும். செய்கிறவர்கள் வாயில் போடக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு.

வீட்டில் அதையே செய்தாலோ பாதாம் மாவாக அரைபட வேண்டும். கல்யாணமான புதிதில் அத்தான், "கல்லு மாதிரி இருக்கு, மனுஷன் திம்பானா இத?" என்று தட்டை விட்டெறிந்தார். அன்றிலிருந்து அக்கா மிக்சியை மூன்று முறை ஓட்டுவாள்.

"உனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சுக்கோயேன்" என்று நான் கத்துவேன்.

"எதுக்கு வம்பு, விடுடி" என்பாள்.

அவளுடைய கடைவாய்ப் பற்களில் பாதி சொத்தையில் போயின. மீதி அத்தானின் கையால் போயின.

போன மாதம் அத்தான் போய்ச் சேர்ந்தார். நான் அழவில்லை. இருபது நாள் பொறுத்து அக்காவை அடுப்படிக்கு இழுத்து வந்து, "இன்னைக்கு உன் இஷ்டத்துக்குச் செய்" என்றேன்.

இடித்தாள், பிசைந்தாள், சுட்டாள். ஆசை ஆசையாக ஒரு துண்டை வாயில் போட்டாள். இந்தப் பக்கம் ஒதுக்கினாள், அந்தப் பக்கம் ஒதுக்கினாள். கடைசியில் உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், அவர் சொன்னது சரிதான்டி" என்றாள். "கல்லு மாதிரிதான் இருக்கு."