சீட்டை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் போனேன்

என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் என்று தெரிந்த அன்றே, காரணம் சீட்டுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மட்டாஞ்சேரி இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனுஷர். சாயங்காலமானால் சாயாக்கடைக்குப் பின்னால் ஆறு பேர் மும்மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்து 'அம்பத்தாறு' என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். காசு வைப்பதில்லை, மானத்தைத்தான் வைப்பார்கள். தோற்றவன் காதில் சின்ன வெங்காயம் கோத்த கிளிப்பை மாட்டிவிடுவார்கள்; அதற்குக் குணுக்கு என்று பெயர். ஒருநாள் இவர் அதைக் கழற்ற மறந்து, கடைத்தெரு முழுக்க ஆட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அரைத்து வைத்த இட்லி மாவு அப்போதே பொங்கியிருக்கும்.

மறுநாளே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வாயால் 'சீட்டு கூடாது' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அதைச் சொல்லியே ஆயுசுக்கும் அடக்கிவிடலாம்.

புது டாக்டரம்மா. சின்னப் பெண், மலையாளத்துக்காரி, தமிழ் அரைகுறை. உடம்புக்கு என்ன என்று கேட்கவே இல்லை. எது உங்களைத் தெம்பாக வைத்திருக்கிறது, மனசு லேசாவது எப்போது என்று கேட்டாள். இதென்ன பெண் பார்க்க வந்த இடமா என்று எனக்கு எரிச்சல். இவரோ என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சீட்டு என்றார். அங்கே நடந்து போவது, கூட்டாளிகள், சிரிப்பு என்று வாய் ஓயாமல் பேசினார். வீட்டில் உப்புக் குறைந்தால்கூட வாய் திறக்காத ஆள்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையில் இவர் பிரஷர் சரியாக இருந்தது. மாத்திரையையும் விடாதீர்கள், சீட்டையும் விடாதீர்கள் என்றுவிட்டாள். போச்சு!

விடுவேனா? குணுக்குக் கதையை ஆதியிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். எனக்குத்தான் எகிறிக் கிடந்தது. இவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"சேட்டனுக்குச் சீட்டு உண்டு. சேச்சிக்கு என்ன உண்டு?" என்றாள்.

வாயைத் திறந்தேன். மாவு அரைப்பது, கடைகளுக்குக் கொடுப்பது, துணி, பாத்திரம். எல்லாம் வேலை. எனக்கென்று ஒன்றுமே இல்லை. அந்தச் சின்னப் பெண் முன்னால் அழுதுவிட்டேன். எனக்கும் மாத்திரை எழுதி, யோசித்து வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினாள்.

நான் அழுததை இவர் சாயாக்கடையில் போய் அளப்பார் என்று, சாயங்காலம் பின்னாலேயே போனேன். அங்கே இவரோடு சேர்த்து ஐந்து பேர் முழித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் இடக்கொச்சிக்குக் குடிபோய்விட்டாராம். இத்தனை வருஷம் இவர் புலம்பியதைக் கேட்டே எனக்கு ஆட்டம் அத்துப்படி. எதிரணியில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் இவர் காதில் என் கையாலேயே குணுக்கை மாட்டினேன். அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உங்கள் பிரஷர் இன்னும் கொஞ்சம் குறையணும், சாயங்கால யோகா வகுப்புக்கு வாருங்கள் என்றாள் டாக்டரம்மா.

"சாயங்காலம் மட்டும் முடியாது டாக்டரே," என்றேன். "நான் போகலேன்னா அங்க ஒரு கை குறையும்."