மாடி அறைக்கு ஒரு வோட்டு

எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நாடுகள் இருந்தன. அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் கணவர், அதாவது என் பெரியப்பா, பிரெஞ்சுக்காரர். பிறந்தது என்னவோ புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், இதே வீட்டில்தான். மீன் குழம்பில் காரம் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். பிரெஞ்சில் திட்ட ஆரம்பித்தாலும் கோபம் முற்றியதும் தமிழுக்கு வந்துவிடுவார். ஆனாலும் அவருடைய அப்பா வழியில் வந்த குடியுரிமையும், பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வாங்கிய பென்ஷனும் அவரைப் பிரெஞ்சுக்காரர் ஆக்கியிருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு பெரியம்மாவும் பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டார். அதே வீட்டின் பின்கட்டில் குடியிருந்த அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் எல்லோரும் சாதாரண இந்தியர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும் பெரியப்பா பிரெஞ்சு டிவியைப் போடுவார். அது சிரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ரப்பர் படகில் நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். அடுத்த காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களைப் பிரான்சுக்குள் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சண்டை போடுவார்கள். அவர்கள் ஓய்ந்தாலும் எங்கள் வீட்டில் ஓயாது.

"வர்றவனையெல்லாம் உள்ள உட்டா நாம எங்க போறது?" என்பார் பெரியப்பா.

"நீங்க எங்கியும் போவ வேணாம் மச்சான். இங்கதான இருக்கீங்க," என்பார் மாமா. அவருக்கு அந்தப் படகைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். மனுஷன் என்றால் மாமா மாதிரி இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம்தான் எங்கள் மாடி அறை காலியானது. என் வகுப்பில் தர்ஷினி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் அவள் அம்மாவும் இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். ஊருக்கு வெளியே முகாமில் இருந்தார்கள். அவள் அம்மா டவுனில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். என் அம்மாவின் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். தர்ஷினி இரண்டு பஸ் மாறி வருவாள். பாதி நாள் பிரார்த்தனை முடிந்த பிறகு வந்து வகுப்புக்கு வெளியே நிற்பாள். டவுனில் ஓர் அறை கிடைக்காவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடப்போகிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். நான் அன்று சாயங்காலமே அம்மாவை அரிக்க ஆரம்பித்தேன். கட்டிலை எந்த ஜன்னல் பக்கம் போடுவது என்றுகூட நானும் தர்ஷினியும் பேசி முடித்துவிட்டோம்.

அம்மா கேட்டதும் பெரியப்பா டிவியை அணைத்தார். டிவியில் பார்த்த படகு வேறு, நம் வீட்டுப் படி ஏறி வருவது வேறு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு உட்டா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்," என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் வீடு முழுக்க இதே பேச்சு. நான் காரணம் இல்லாமல் மாடிப்படி ஏறுவேன், அறையை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவேன். கடைசியில் பெரியப்பாதான் முடிவு கட்டினார்.

"பேசிக்கினே இருந்தா ஆவாது. வோட்டு போட்டுடலாம்."

பிரான்சு தேர்தல் வந்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும் கான்சுலேட்டுக்குப் போய் வோட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த முறையே எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு. ஒன்றில் 'உய்', அதாவது சரி. இன்னொன்றில் 'நோன்', வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் சேலையால் கட்டிய திரைக்குப் பின்னால் போய், ஒன்றை மட்டும் கவரில் வைத்து, வெளியே வந்து பெட்டியில் போடவேண்டும். பெட்டி, ஒரு பிஸ்கட் டப்பா. போட்டதும் "அ வோத்தே" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லவேண்டுமாம், வோட்டுப் போட்டாயிற்று என்பதற்கு. அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. நான் காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

பதிலுக்காக ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்த தர்ஷினியும் அவள் அம்மாவும் நான்கு மணிக்கே வந்து முன் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் தர்ஷினி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் அங்கே ஓடி அவளைப் பார்ப்பதும், இங்கே ஓடி டப்பாவைப் பார்ப்பதுமாக இருந்தேன். பெரியம்மா என் காதைத் திருகி டப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தார்.

அம்மா போன வேகத்தில் வந்தார். அப்பா, மாமா, பெரியம்மா என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கத்தினேன். கடைசியாகப் பெரியப்பா உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. மின்விசிறிக் காற்றில் திரை ஒருமுறை நன்றாக விலகியது. பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். பிறகு இரண்டு சீட்டையும் சேர்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் கவரின் மூடியை உள்ளே மடித்தார். அதுவும் பிரெஞ்சு முறைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வந்து டப்பாவில் போட்டதும் "அ வோத்தே" என்று மற்றவர்களுக்குச் சொன்னதைவிட உரக்கச் சொன்னேன்.

அவரே பிரித்து எண்ணினார். இரண்டு உய், இரண்டு நோன். கடைசிக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்போதுதான் பார்ப்பவர் போல, "வோத் பிளான்," என்றார்.

"அப்டின்னா?" என்றார் அம்மா.

"வெறுங்கவர். கணக்குல சேராது. சரிசமமா வந்தா, இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கும்."

"யாரு வெறுங்கவர் போட்டது?"

"அத்தக் கேக்கக்கூடாது. ரகசியம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். எதிலும் வாயே திறக்காத மனுஷன் அவர்தான் என்பதால், பல வருஷம் அந்தப் பழியை அவர் பேசாமல் சுமந்தார். மாமா யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே தன் டம்பெல்லையெல்லாம் மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா முன் அறைக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினியின் அம்மா எழுந்துவிட்டார்.

"பரவாயில்லை அக்கா. நாங்கள் வேற இடம் பாக்கிறம்."

பெரியம்மா ஒரு தூக்கில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். தர்ஷினி பையைக் கழற்றவே இல்லை. பரீட்சை லீவுக்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த லீவில் ஒருநாள் பெரியப்பா டை கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் அவருடைய ஃபைலைப் புரட்டினார்.

"இன்னும் எத்தன வருஷம் தங்கறதா இருக்கீங்க?"

"இருக்கற வரைக்கும் சார்."

பெரியப்பா யாரையும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"வீட்ல உங்க ரெண்டு பேரத் தவிர வேற வெளிநாட்டுக்காரங்க யாராச்சும் தங்கியிருக்காங்களா?"

"இல்ல சார். யாரும் இல்ல."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் வாய்ச்சண்டை போடுகிற பெரியப்பாவைப் போய் வெளிநாட்டுக்காரர் என்கிறாரே என்று சத்தமாகவே சிரித்தேன். அந்த இளைஞரும் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. முத்திரை குத்திய காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, அன்றைக்குச் சீட்டுகளைப் போட்ட அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் என் கையை எதற்கு அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.