சனிக்கிழமை விற்காத எண்ணெய்

யுத்த காலத்தில் எனக்குத் தேக்கடி ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிற வேலை. பெரிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். படகின் பின்பலகையை நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டு ஒரு சின்ன மோட்டார் தொங்கும். அதன் தலையில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். கிளம்பினால் நான் டிரைவர். கிளம்பாவிட்டால் கயிறு இழுக்கிற ஆள். அக்கரையில் இருந்த ஏலத்தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை அரிசி கொண்டுபோவதுதான் படகின் பிழைப்பு. அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலிக்காரர்களுக்கு வேறு வழியாக அரிசி வராது. காட்டுப்பாதை ஒன்று உண்டு, மழைக்காலத்தில் அதில் யானைகள் மட்டும் போய்வந்தன.

அந்த மோட்டாருக்கு ஒரு குணம். கார் மாதிரி எண்ணெயைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து கொடுத்தால்தான் குடிக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி இறுகிப்போகும், அத்தோடு கதை முடிந்தது. சீமையிலிருந்து பீரங்கி வந்துகொண்டிருந்ததே தவிர மோட்டார் சாமான் வரவில்லை. அதனால் எண்ணெய் டின்னை நான் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் டின்னைத் தூக்கினால் காற்றின் கனம்தான் இருந்தது. படகுத்துறைக் காவல்காரர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே சொன்னார்: "தொர எடுத்தாக. காருக்கு ஊத்திட்டு மதுரைக்குப் போயிட்டாக."

துரை என்றால் தோட்டத்து மானேஜர், இக்கரையில் பங்களா. லயத்தில் அரிசி தீர்ந்துவிட்டதென்று முந்தின நாளே ஓர் ஆள் யானைக்குப் பயந்து பயந்து காட்டுப்பாதையில் வந்து அவரிடம் சொல்லியிருந்தான். அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டே என் டின்னைக் கவிழ்த்திருக்கிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்தில் அவர் முன்னால் போய் நின்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் மதுரையில் இருந்ததால் தைரியமாக அப்படி நினைத்தேன்.

கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கினேன். வழியெல்லாம் பதற்றம். ஒவ்வொரு வளைவிலும் என் மனசுக்குள் அக்கரைக் குழந்தை ஒன்று பசியில் அழுதது. மலையடிவாரத்து லோயர்கேம்ப் வருவதற்குள் மொத்த லயமும் என்னை அடிக்கக் கட்டையோடு நின்றது. கம்பத்தில் மோட்டார் சாமான் விற்கிற கடை ஒன்றே ஒன்று. மேல்தட்டில் சீல் உடைக்காத டின் ஒன்று இருந்தது. கும்பிடத் தோன்றியது.

"அண்ணே, அந்த எண்ணெய் டின்னு."

கடைக்காரர் விரலை மடக்கிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கெழம?"

"சனி."

"பெறகென்ன. சனிக்கெழம எண்ண விக்கிறதில்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு மேல போக பஸ் கெடையாதுண்ணே. இது தலையில தேய்க்கிற எண்ணெயா? எஞ்சினுக்கு."

"எஞ்சினுக்கு மட்டும் சனி பிடிக்காதாக்கும். எங்கப்பா கடை வச்ச நாள்லருந்து இங்கன சனிக்கெழம எண்ணயும் போகாது, இரும்பும் போகாது."

"இரும்புக் கடையத் தொறந்து வச்சுக்கிட்டு இரும்பு போகாதுன்னா, வேற எதுக்குண்ணே தொறந்திருக்கீக?"

"வர்ற ஆளுகளுக்குப் பதில் சொல்லத்தான்."

கெஞ்சினேன். லயத்துப் பிள்ளைகளைச் சொன்னேன். அவருக்கும் முகம் இரங்கியது, கை மட்டும் மேல்தட்டுக்குப் போகவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அங்கே அடுப்பு எரியவில்லை, இங்கே இவர் சனி பகவானுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறார். கடைசியில் மனது கேட்காமல் அவரே வழி சொன்னார்: "வெளக்கெண்ண போட்டும் ஓட்டுவாகளாம். அது பேதிக்குக் குடிக்கிறது, மருந்து. மருந்துக்குச் சனி இல்ல. நாட்டு மருந்துக் கடையில கேளுங்க."

இந்த நியாயத்தைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். அந்த நேரத்துப் பதற்றத்தில் அது வேதவாக்காகப் பட்டது.

நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் இரண்டு ஜாடிகளில் இருந்தது. ஒன்றில் தெளிவாக, நீர்த்தாற்போல. இன்னொன்றில் தேன்பாகு மாதிரி. இரண்டையும் விரலில் தொட்டுத் தேய்த்தேன், முகர்ந்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு பார்த்ததில்லை. வழுவழுப்பு ஜாஸ்தி என்று கெட்டியானதையே தேர்ந்தெடுத்து, ரெண்டு படி கேட்டேன்.

மருந்துக்காரர் அளக்கிற கையை நிறுத்தினார். "யாருக்குய்யா?"

"வீட்ல ஒருத்தருக்கு."

"படிக்கணக்குலயா? ஆளு தாங்காதப்பா."

"பெரிய வயிறுங்க. சீமை வயிறு."

மறுநாள் விடியற்காலையில் அரிசி மூட்டைகளை ஏற்றினோம். நானும், மோட்டார் வந்தபோது மற்ற துடுப்புக்காரர்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒப்புக்கு வைத்திருந்த ஒரு மலையாளத்துப் பெரியவரும். பெட்ரோலில் விளக்கெண்ணெயை ஊற்றி மூங்கில் குச்சியால் கலக்கினேன். கயிற்றை இழுத்ததும் மோட்டார் கிளம்பிவிட்டது. கம்பத்துக் கடைக்காரரை நினைத்து ஏளனமாகச் சிரித்தேன். மூடுபனியில் குளிர் எலும்பைத் தொட்டது. ஏரிக்குள் மொட்டையாக நிற்கிற பட்ட மரங்களைத் தாண்டி நடு ஏரிக்கு வந்ததும் மோட்டார் ரெண்டு தரம் இருமியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, நின்றது.

பெட்ரோல் டப்பாவின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். குளிரில் விளக்கெண்ணெய் பெட்ரோலோடு ஒட்டாமல் பிரிந்து, அடியில் கூழாகத் தங்கியிருந்தது. மோட்டார் அந்தக் கூழை உறிஞ்சி மூச்சடைத்துக் கிடந்தது. டப்பாவைக் கழற்றி மடியில் வைத்துத் தொட்டில் பிள்ளை மாதிரி ஆட்டினேன். வேட்டியில் போர்த்திச் சூடு காட்டினேன். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் உரிந்தது.

"சாரே," என்றார் பெரியவர் கடைசியில். "மோட்டாருக்குப் பேதி கொடுத்தா அது எங்ஙன ஓடும்?"

"வாயை மூடிட்டுத் துடுப்பை எடும்யா."

"ரெண்டு துடுப்பு உண்டு. மற்றது ஆரு எடுக்கும்?"

நான்தான் எடுத்தேன். காற்று எதிரே. மழை பிடித்துக்கொண்டது. துடுப்பு ஒவ்வொரு தரம் தண்ணீரில் விழும்போதும் துரையை ஒரு வார்த்தை, கடைக்காரரை ஒரு வார்த்தை, என்னை ரெண்டு வார்த்தை திட்டினேன். கரையோரம் ஏதோ கறுப்பாக அசைந்தது. யானை என்று நினைத்துத் துடுப்பை விட்டுவிட்டு மூட்டைகளுக்கு நடுவே படுத்துவிட்டேன். அது பாறை, படகுதான் அசைந்தது.

பொழுது சாயும்போது அக்கரை சேர்ந்தோம். லயத்து ஜனங்கள் எல்லாம் கரையில் நின்றார்கள். யார் கையிலும் கட்டை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நனைந்த மூட்டைகளைத் தூக்கிப்போய், ஏலக்காய் உலர்த்துகிற அறையில் சூட்டுக் குழாய்களின்மேல் பாய் விரித்து அரிசியைக் கொட்டினார்கள். பாதி உலர்வதற்குள்ளேயே உலை கொதித்துவிட்டது. வயதில் மூத்த ஒருத்தி எனக்கும் ஒரு தட்டு நீட்டினாள்.

"மொதல்ல பிள்ளைகளுக்கு, ஆத்தா."

"அதுக தின்னுருச்சு. நீ தின்னு. அடுத்த வாரம் எப்படிய்யா?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சோறு மட்டும் உள்ளே போனது.

மறுநாள் காலையில் படகுக்குப் போனால் எனக்கு முன்னால் லயத்து ஆட்கள் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காட்டு மூங்கிலைப் பிளந்து கூடுதலாக ரெண்டு துடுப்பு செய்திருந்தார்கள். அரிசியை இனி அவர்களே போய் எடுத்து வருவார்களாம். துரையிடம் சொல்வதையும் அவர்களே சொல்லிக்கொள்வார்களாம்.

"மோட்டாரச் சரி பண்ணிருவேன்ப்பா," என்றேன்.

"பண்ணுங்க," என்றான் ஒருவன். "பண்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. துடுப்பு இடிக்குது."