பன்னிரண்டு கிலோ பொன்னியும் ஒரு தகர டப்பாவும்

கடந்த டிசம்பரில் என் மனைவி கிரேஸ் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை வராந்தாவில் நின்று ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தேன். அவள் எழுந்து நடந்தால், தினமும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்து ஜெபிப்பேன், அதை அவள் ஊர் அசனத்துக்குக் கொண்டுபோவேன் என்று. அசனம் என்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் ஆண்டுக்கொருமுறை, யார் வந்தாலும் கோயில் வளாகத்தில் உட்காரவைத்துப் போடும் விருந்து. அவள் ஊரில் சோறு பொங்கும் முதல் கொப்பரைக்கு வீட்டுக்கு வீடு சேர்ந்த கைப்பிடி அரிசிதான் போகும்.

அவள் நடந்துவிட்டாள். சமையல் என் கைக்கு வந்திருந்தது. இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்து வைத்தேன். அவள் கைத்தடியைத் தூக்கிப் போட்ட வாரத்திலிருந்து மறந்தேன். ஆபத்து போனது, ஜெபமும் கூடவே போனது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அக்டோபரில் அசன நாள் வந்தது. நீண்ட பயணம் இன்னும் கூடாது என்பதால் கிரேஸ் என்னை மட்டும் அனுப்பினாள். நான் பஸ் ஏறும் நேரம், இறங்கும் நேரமெல்லாம் நோட்டில் எழுதும் ஆள். இதற்கும் கணக்குப் போட்டேன். ஒரு கைப்பிடி ஐம்பது கிராம், விட்டுப்போனது இருநூற்று நாற்பது நாள், ஆகப் பன்னிரண்டு கிலோ. நல்ல பொன்னியாக வாங்கிக் கட்டினேன். முதல் இரண்டு மாதம் எடுத்து வைத்த அரிசி இருந்த தகர டப்பாவைத் திறந்தால் உள்ளே வண்டு. வழியில் எங்காவது கோழிக்குப் போடலாம் என்று துணிக்குள் சுருட்டிப் பைக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளி மதியம் 2.15க்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ். 160 கிலோமீட்டர், 165 ரூபாய், மாலை 6.10க்கு திருநெல்வேலி. ஜங்ஷன் அருகே அறை 850 ரூபாய். சனி காலை 7.20க்கு திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட். இடப்பக்கம் உட்காருங்கள், ஆற்றுப் பாய்ச்சலில் நிற்கும் வாழைத்தோட்டங்கள் கூடவே வரும். முக்கால் மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டம்.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். ஓட்டுநர் நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தார்.

"அசனத்துக்கா வாரீய அண்ணாச்சி? நாங்களும் சாயந்தரம் பிள்ளையளக் கூட்டிட்டு வந்திருவோம்லா. இன்னைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்லயும் அடுப்பு எரியாது" என்றார்.

கோயில் வளாகத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ராணி. கிரேஸின் சித்தப்பா மகள், வாழைத்தோட்டத்தில் வேலை பார்ப்பவள், வாய் கொஞ்சம் அதிகம்.

"வாங்க அத்தான்! ஒரு நாள் தப்பாம போடுதீயளாம்ல, அக்கா போன்ல சொன்னா."

பையை அவிழ்த்தேன். அப்போதுதான் மற்றவர்களின் அரிசியைக் கவனித்தேன். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, இடையிடையே துவரம்பருப்பு. ஒரு வருடம் ஒரு வீட்டில் சேர்ந்த அரிசி அப்படித்தான் இருக்கும். என்னுடையது முழுக்க ஒரே ரகம். ராணி அதில் விரலை விட்டு அளைந்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீய அத்தான்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அரிசி அரிசிதானே ராணி? ஒரு கிராம் குறையாது" என்றேன்.

"அரிசி சேக்கதுக்கா கைப்பிடி போடுதோம்? அடுப்பப் பத்த வைக்க முந்தி ஒரு நிமிசம் ஆண்டவர நெனைக்கதுக்குல்லா. போன நாளக் கடையில எடை போட்டுத் தருவானா?" சொல்லிவிட்டுத் தன் பானையைச் சாய்த்துக் காட்டினாள். பாதிகூட இல்லை. "சின்னவன் காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்கும் விட்டுப்போச்சு. திரும்ப ஆரம்பிச்சேன், அம்புட்டுதான். ஒங்க கடை அரிசி காணிக்கையா ரெண்டாங் கொப்பரைக்குப் போகட்டும். நீங்க கையால போட்டது கொஞ்சங்கூடவா இல்ல?"

வேறு வழியில்லாமல் டப்பாவை எடுத்தேன். "வண்டு விழுந்திருக்கு" என்றேன்.

அவள் டப்பாவை வாங்கினாள். சுளகில் கொட்டிக் கால் மணி நேரம் புடைத்தாள். பிறகு எழுந்துபோய் முதல் கொப்பரைக்கான குவியலில் சேர்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோழிக்குப் போட இருந்ததை ஆண்டவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாலை 5.30க்குப் பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பு. எதிர்வரிசையில் ஆட்டோக்காரர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பல ரகம் கலந்ததால் சோறு சில பருக்கை குழைந்தும் சில பருக்கை விறைத்தும் இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கையைக் கழுவிவிட்டு கிரேஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். அந்த டப்பா மூடிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். பிப்ரவரியில நின்னுபோச்சு" என்றாள்.

"அப்புறம் ஏன் ராணிகிட்ட அப்படிச் சொன்ன?"

"அது ஜனவரியில சொன்னது."

போக நினைப்பவர்களுக்கு: அசனத்துக்கு அழைப்பிதழ் தேவையில்லை. நாள் ஊருக்கு ஊர் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். பாசஞ்சரைத் தவறவிட்டால் திருநெல்வேலியிலிருந்து பஸ் உண்டு. வீட்டில் கைப்பிடி அரிசி ஆரம்பிப்பதானால் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள், நான்கு காய்ந்த மிளகாய் போடுங்கள். என் டப்பாவில் இன்றோடு பத்தொன்பது நாள் அரிசி இருக்கிறது. ஒவ்வொரு காலையும் மூடியைக் கொஞ்சம் சத்தமாகவே மூடுகிறேன். நடுவில் விட்டுப்போனால் மறுநாள் போடுங்கள். வண்டே விழுந்தாலும் கொண்டுபோங்கள், அங்கே புடைக்க ஆள் இருக்கிறார்கள்.