விரல் வைத்த ஷூ

எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு நடந்து காட்ட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டிய பிறகும், மைதானத்தை நான்கு சுற்று, பதினைந்து நிமிடத்துக்குள் நடந்து முடித்தால்தான் கோப்பு மேலே நகரும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த வேலையைக் குதிரையில் ஏறிப் போய்ப் பார்த்தார்களோ என்னவோ, இன்று நாங்கள் செய்வதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் தட்டுவதுதான். விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

"நடைதானே தாதா, வெறும் நடை," என்றார் பக்கத்து மேசை திதி. வங்காளத்தில், அலிப்பூர் அலுவலகத்தில் ஆறு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், என்னைவிட மூத்த வங்காளி அம்மாள். இங்கே திதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்; மரியாதைக்கு இளையவனையும் தாதா என்பார்கள். "மீன் வாங்கப் போகும்போது அதைவிட வேகமாக நடப்பேன் நான்."

நடைதான். ஆனால் அந்த நடையின் மறுமுனையில் சென்னை இருந்தது. இந்த முறை பதவி உயர்வு பெறுபவர்களில் ஒருவருக்கு அங்கே இடம் காலி. வரிசையில் என் பெயர்தான் முதலில். மனைவி தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு ரயில் ஏறியவன் நான். இப்போது அவள் ஏழாவது. செய்தி சொன்ன அன்றே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, 'அப்பா சட்டை' என்று எழுதி ஒட்டி, படம் எடுத்து அனுப்பினாள். அதை திதியிடம் காட்டினேன், வாட்ச்மேனிடம் காட்டினேன், பெஹாலாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரரிடமும் காட்டினேன்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்த கால்களோடு போயிருந்தாலே கைவீசிக்கொண்டு முடித்திருப்பேன். ஆனால் பாஸ் மார்க் முப்பத்தைந்து என்றால் தொண்ணூற்றைந்துக்குப் படிக்கிற ஊர்க்காரன் நான். டியூஷன், மாதிரித் தேர்வு, போன வருடத்து வினாத்தாள் எதுவும் இல்லாமல் ஒரு தேர்வுக்குப் போய்ப் பழக்கமில்லை. நடப்பதற்கு டியூஷன் கிடைக்காததால் வீடியோ பார்க்க உட்கார்ந்தேன்.

அங்கேதான் என் பழைய வியாதி சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். ராஜாக்கள் கதை வேண்டாம். மிளகாய் வருவதற்கு முன் குழம்பு எப்படி இருந்தது? முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத ஊரில் ஒருவனுக்குத் தன் முகம் எவ்வளவு தெரியும்? கடிகாரம் இல்லாத காலத்தில் "காலையில் வா" என்றால் எப்போது போனான்? இப்படித்தான். "நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்காது, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது வேணுமாக்கும்," என்பாள் மனைவி. வீடியோவில் ஒருவர், ஆதி மனிதன் செருப்பே இல்லாமல் மானை நாளெல்லாம் துரத்தி ஓடினான், மெத்தை வைத்த ஷூதான் நம் காலைக் கெடுத்தது என்றார். நான் அப்படியே விழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஷூ வந்தது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை, அடியில் தோசை கனம்கூட இல்லை. மாட்டிக்கொண்டு இறங்கியதும் தெருமுனை டீக்கடையில், "தாதா, காலுக்குக் கையுறையா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு ஒரே சந்தோஷம். பெஹாலாவின் தார்ச்சாலையில் ஒவ்வொரு பொடிக்கல்லும் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருவன் எனக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். நடந்தால் போதும் என்ற தேர்வுக்குத் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன்.

மாதக்கணக்கில் மெதுவாகப் பழக வேண்டும் என்று அந்த மனிதர் வீடியோவின் கடைசியில் சொல்லியிருக்கிறார். கடைசிவரை யார் பார்க்கிறார்கள்!

மூன்றாவது வாரம் வலது காலில், இரண்டாம் விரலுக்குக் கீழே ஒரு வலி. தூங்கிக் கிடந்த கால் விழித்துக்கொள்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு இன்னும் நான்கு நாள் ஓடினேன். ஐந்தாம் நாள் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது," என்றார் டாக்டர். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் மான் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அவர்கள் பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு, மண்ணில் ஓடியவர்கள். நீங்கள் மூன்று வாரமாக, தார் ரோட்டில்," என்றார்.

அலுவலகத்தில் விசாரித்தேன். மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம்; கொடுத்தால் பெயர் அடுத்த தேர்வுக்குப் போகும், அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சென்னை இடம் வரிசையில் அடுத்தவருக்கு. யார்மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

அந்த ஒன்பது நாளும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்போதும் அந்த வியாதி விடவில்லை. மானைத் துரத்திய கூட்டத்தில் ஒருவனுக்குக் கால் உடைந்தால் என்ன செய்திருப்பார்கள்? தோளில் தூக்கிப் போயிருப்பார்களா, தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருப்பார்களா? ஒரு வீடியோவும் அதைச் சொல்லவில்லை. காலையில் மகள் கூப்பிட்டு, "இன்னிக்கு எவ்ளோ நடந்தப்பா?" என்று கேட்பாள். படுத்துக்கொண்டே "நாலு சுத்து" என்பேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பக்கத்து மைதானத்தில். பழைய மெத்தை ஷூவுக்குள் காலை இறுக்கிக் கட்டு போட்டு, இரண்டு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். முதல் சுற்று ஒழுங்காகவே போயிற்று. இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றின் வளைவில் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒற்றைக் காலில் நாலு தத்து தத்திப் பார்த்தேன். புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நேரம் குறிக்கும் அதிகாரி குடையோடு நடந்து வந்து என் பக்கத்தில் நின்று நிழல் பிடித்தார். வயதானவர், நல்லவர். "இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது, மெதுவாக முயற்சி செய்யுங்கள்," என்றார். எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி எழப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை; அந்த நான்கு நிமிடத்தையும் முழுசாக எனக்குக் கொடுத்தார். கையில் நேரம் இருந்தது, கால் இல்லை. மற்றவர்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா, பாஸா?"

"இல்லடா கண்ணு. கால் ஒடைஞ்சிருக்கு. பத்து நாளாச்சு, உங்ககிட்ட சொல்லலை. சென்னை இப்போ கிடைக்காது."

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்றாள். அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. மைதானம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

"அழாதப்பா," என்றாள். "எங்களைப் பத்திக் கவலைப்படாதே. நீ இல்லாம இருந்து எங்களுக்குப் பழகிடுச்சு."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அவள் குரலில் வருத்தமே இல்லை.